எமிலியா படகில் ஏறுகிறாள்

டென்மார்க்கின் பிரெடெரிசியா படகுத்துறையில் மே மாத வெயில் தண்ணீர்மேல் தகதகக்கிறது. காற்றில் பாய்க்கயிறுகள் கம்பங்களில் மோதிக் கிணுகிணுக்கின்றன. பிரிட்டா தன் பாய்ப்படகின் தளத்தில் கரீபியன் கடலின் வரைபடத்தை விரித்து, அது பறக்காதிருக்க மேலே காப்பிக் கோப்பையை வைத்திருக்கிறாள். தையல் தொழிற்சாலையில் எமிலியாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி அவள். இலையுதிர் காலத்தில் இந்தப் படகில் அங்கே புறப்படப் போகிறாள். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு எமிலியாவும் கணவன் குருசுமுத்துவும் விமானத்தில் போய்ச் சேர்ந்தால், மூவரும் தீவு தீவாகச் சுற்றலாம். இன்று ஒரு சின்ன வெள்ளோட்டம்.

எமிலியா மரமேடையின் விளிம்பிலேயே நிற்கிறாள். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போருக்குத் தப்பிப் போன நாளுக்குப் பிறகு அவள் படகில் கால் வைத்ததில்லை. அன்று நேவிக்காரனுக்குப் பயந்து எல்லோரும் படகின் அடியில் குப்புறக் கிடந்தார்கள். மண்ணெண்ணெய் நாற்றத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்கு நினைவில்லை.

"பயமெண்டால் விடுமப்பா, வீட்ட போவம்," என்கிறான் படகில் நிற்கும் குருசுமுத்து.

"பயம்தான். கையைத் தாங்கோ."

அவள் காலை வைத்ததும் படகு தாழ்கிறது. அவன் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். படகு மெல்ல நிமிர்ந்து அவளைத் தாங்கிக்கொள்கிறது. கீழே அறைக்குள் குளிராது என்று பிரிட்டா கை காட்டுகிறாள். எமிலியா தலையாட்டி மறுத்துவிட்டு, படகின் முன்முனையான அணியத்தில் போய் நிமிர்ந்து உட்காருகிறாள்.

"எந்தத் தீவுக்கு முதல்ல போறம்?"

"இண்டைக்கு அந்தா தெரியிற பாலம் வரைக்கும்தான்," என்று சிரிக்கிறான் அவன்.

"பாலத்துக்கு அங்கால?"

குருசுமுத்து கயிற்றை அவிழ்க்கிறான். பாய் காற்றை வாங்கிப் புடைக்கிறது.