சாயாத கேமரா

ஹெல்மெட்டின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த கேமராவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது எடுக்கும் படம் மட்டும் சாயாது. படம் ஆடாமல் இருக்கட்டும் என்று கபிலன்தான் அந்த வசதியைப் போட்டுவிட்டிருந்தான்.

"குடிகாரன் மாதிரி இப்படிச் சாயுறியே, வெட்கமா இல்ல?" என்று மலைப்பாதை வளைவில் பைக்கைக் கேட்டது கேமரா.

"சாயலேன்னா நேரா பள்ளத்துக்குத்தான் போகணும். போகலாமா?" என்றது பைக்.

"என் படத்துல இதுவரைக்கும் யாரும் சாஞ்சதில்ல."

அன்று மாலை, வளைவுகளில் தான் படுத்துப் படுத்து வந்த அழகைக் கூட்டாளிகளுக்குப் போட்டுக் காட்டினான் கபிலன். திரையில் சாலை தட்டில் வைத்த இட்லி மாதிரி அலுங்காமல் வந்தது.

"ஏன்டா, பால் வாங்கப் போனியா?" என்றார்கள்.

கேமரா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது. கபிலனுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அதே வளைவில், முழங்கால் தரையை உரசும் அளவுக்கு வண்டியைச் சாய்த்தான். அங்கே மணல் கிடந்தது. பைக் ஒரு பக்கம் போனது. கபிலனும் ஹெல்மெட்டும் உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தார்கள்.

"உயிரோட இருக்கானா பாரு!" என்று அலறியது பைக்.

"முனகுறான், இருக்கான்," என்றது ஹெல்மெட், நெற்றியில் விரிசலோடு.

"அது கிடக்கட்டும்," என்றது கேமரா. "இவ்வளவு உருண்டும் படம் இம்மிகூடச் சாயல, கவனிச்சியா?"

முழங்காலில் கட்டோடு கபிலன் அதையும் போட்டுக் காட்டினான். சாலை நேராக வந்தது. சேறும் நேராகவே வந்தது.

முழுசாகப் பார்த்துவிட்டுக் கூட்டாளிகள் கேட்டார்கள்:

"பாலைக் கொட்டிட்டியா?"