ஏழு வீரரும் ஒண்ணு ரெண்டு மூணும்

கேமரா ஓடுது. முகமூடி மாட்டி, வாளை உருவிக்கிட்டு நிக்கிறான் கதாநாயகன் பாரூக். எதிரியைப் பாத்து ரெண்டு பக்க வசனத்தை முழங்கணும். வாயைத் தொறந்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... பதினொண்ணு, பன்னெண்டு!"

பக்கத்துல தாடி ஒட்டிக்கிட்டு நின்ன பெரியகருப்பனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பின்னே? நாப்பது வருசம் நாடகத்துல ராஜபார்ட் கட்டுன மனுசன். வேடசந்தூர்ல இருந்து நத்தம் வரைக்கும் அவரு குரல் கேக்காத திருவிழா கெடையாது. வசனம் வராதவனெல்லாம் இவருக்கு ஹீரோவாம்.

எண்பத்துமூணாம் வருசம் அது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள்ல கலக்குன ஏழு வீரர்கள், துப்பறியும் நிபுணர், கப்பல் மாலுமி, முகமூடி இளவரசன்னு, எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து புதையல் தேடிப் போற படம். குஜிலியம்பாறைப் பொட்டல்ல ஷூட்டிங். ஏழாவது ஆளான கிழட்டுத் தளபதி வேசம் உள்ளூர்க்காரரு பெரியகருப்பனுக்கு.

உண்மையைச் சொன்னா, மொத நாளு அவருக்கே கொஞ்சம் சறுக்கல்தான். நாலு வரி வசனத்துக்குப் பதினாலு டேக். வெயிலு, தாடிப் பசை, காலைக் கடிச்ச எறும்புன்னு ஒவ்வொண்ணா காரணம் சொன்னாரு. டைரக்டர் மசியலை.

"பெரியவரே, நாளைக்கும் இப்படின்னா மெட்ராஸ்ல இருந்து வேற ஆளை வரச்சொல்லிருவேன்."

பெரியகருப்பனுக்குப் பதிலா வேற ஆளா? சினிமாவுல நடிக்கிறேன்னு சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சு. பாதியில திரும்பிப் போனா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?

மறுநாள் காலையிலதான் பாரூக் இந்தக் கூத்தை ஆரம்பிச்சான். தனக்கு வசனம் மண்டையில ஏற மாட்டேங்குதாம். படம் முடியிற வரைக்கும் எண்ணிக்கிட்டே வாயசைச்சிருவானாம். அப்புறமா மெட்ராஸ்ல டப்பிங் பண்ணும்போது தாளைப் பாத்துப் பேசிக்கலாமாம். டைரக்டர் பல்லைக் கடிச்சாரு. ஆனா படமே பாரூக்கை நம்பி எடுக்குறது, என்ன பண்ணுவாரு?

அவன் அதோட விடலை. பெரியகருப்பன்கிட்ட வந்து குழைஞ்சான்.

"ஐயா, நான் மட்டும் எண்ணுனா மானம் போகுது. நீங்களும் கூட எண்ணுனீங்கன்னா எனக்குக் கூச்சமில்லாம இருக்கும்."

பெரியகருப்பன் செத்த நேரம் பிகு பண்ணிப் பாத்துட்டு, "சரி அப்பு, உனக்காக"ன்னு ஒத்துக்கிட்டாரு.

அப்புறம் என்ன? போர்ல செத்த மகனை நெனச்சுத் தளபதி அழுகுற சீன்ல, அறுபத்தொண்ணுல ஆரம்பிச்சு எழுபது வரைக்கும் எண்ணி எண்ணிக் கண்ணீர் விட்டாரு. ஒரே டேக்ல ஓகே. மத்த அஞ்சு பேரும், இது சௌகரியமா இருக்கேன்னு சேந்துக்கிட்டாங்க. ஏழு வீரரும் வாளைத் தூக்கிச் சபதம் போடுற காட்சியில, "தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது, நூறு!"ன்னு கத்துனதும் வேடிக்கை பாத்த சனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஹீரோவுக்கு வசனம் வராதாம்லங்குற பேச்சு செம்பட்டி வரைக்கும் போயிருச்சு. பாரூக் காதுலயும் விழுந்துச்சு. அவன் பாட்டுக்கு எண்ணிக்கிட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தா பெரியகருப்பனுக்குச் சம்சாரம் ராமுத்தாய்கிட்ட இதே புலம்பல்தான். பாவம், அந்தப் பயலுக்கு மண்டையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது, நான் மட்டும் கூட நின்னு எண்ணலைன்னா அவன் பொழப்பு நாறியிருக்கும்னாரு.

ராமுத்தாய் சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டா. "அது கெடக்கட்டும். வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா வாங்கியாரச் சொன்னேனே, எங்க?"

மறந்தே போச்சு. மூணு நாளா மறந்துக்கிட்டுத்தான் இருக்காரு.

கடைசி நாளு. ஊருக்குக் கெளம்பப் போறவனுக்கு மனப்பாடம் பண்ற சூட்சுமத்தையாவது சொல்லி அனுப்புவோம்னு பெரியகருப்பன் பாரூக்கோட கூடாரத்துக்குப் போனாரு. துணியை வெலக்கப் போனவரு அப்படியே நின்னுட்டாரு.

உள்ள கணீர்னு வசனம் கேக்குது. பாரூக் குரலுதான். அவன் பேச வேண்டிய ரெண்டு பக்கம் இல்லை அது. தளபதியோட வசனம். மகனை நெனச்சு அழுகுற அத்தனை வரியும், ஒரு எழுத்துப் பிசகாம வருது. எட்டிப் பாத்தா, அவன் கையில தாளு இல்லை. உதவி டைரக்டர் முத்துக்கிருஷ்ணன்தான் எதுக்க உக்காந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டிருந்தான்.

"இன்னும் பெரிய எழுத்தா எழுது தம்பி," பாரூக் சொன்னான். "டப்பிங் தியேட்டர்ல வெளிச்சம் கம்மி. ஐயாவுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியணும்."

"ஏழு பேரு வசனத்தையும் இம்புட்டு மனப்பாடமா வச்சிருக்கீங்க. பெறகு எதுக்குண்ணே ஊரே சிரிக்க எண்ணுனீங்க?"

"நான் எண்ணலைன்னா ரெண்டாம் நாளே ஐயாவைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க."

துணியை வெலக்கிக்கிட்டு பெரியகருப்பன் உள்ள வந்தாரு. பாரூக் பதறிப்போய் எந்திரிச்சான். கெழவருக்கு எம்புட்டோ சொல்லணும்னு இருக்கு. கண்ணு கலங்குது, ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. அவன் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."ன்னாரு.

"நாலு"ன்னான் பாரூக்.