மரத்தடியில் ஒரு கரடி

உலக வனவிலங்குப் படப் போட்டியில் ஜெயித்தே தீருவதென்று, எதிரில் எது அசைந்தாலும் தானாகவே படமெடுக்கும் கேமராவைக் காட்டு மரமொன்றில் கட்டிவைத்திருந்தார் போட்டோகிராபர். ஒரு மாதம் கழித்து அவர் சவரம் செய்துகொண்டிருக்க, மனைவி கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தாள்.

"ஏதாவது விழுந்திருக்கா?"

"ஒண்ணு விழுந்திருக்கு. நல்லா கொழுத்தது. மரத்துல முதுகைத் தேய்க்குது."

"கரடிதான். தொப்பை இருக்கணுமே?"

"அதுக்கு என்ன குறைச்சல்."

பரிசு மேடையில் நிற்பதுபோல் கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனுஷ வாடை பட்டாலே எல்லாம் ஓடிப்போயிடும். லேசுல மாட்டாது, தெரியுமா?"

"மாசம் பூரா இது ஒண்ணுதாங்க வந்திருக்கு. வேற ஈ காக்கா இல்ல."

"கடைசிப் படத்துல என்ன பண்ணுது?"

"பேட்டரி மாத்துது."