கூப்பிட்டால் வருவாள்

“வாருணி, வண்டி கிளம்புது. சட்டையை விட்டுடாத” என்றான் நிரன்.

அவன் மடியில் அவளுடைய நீலச் சட்டை இருந்தது. கையில் ஊதுவத்தி புகைந்தது.

“சத்தமாச் சொல்லு தம்பி. இந்த லாரி இரைச்சல்ல அவளுக்குக் கேக்குமா?” என்றார் வண்டியை ஓட்டிய தாவோன். நிரனைவிடப் பத்து வயது மூத்தவர்.

தாய்லாந்தின் லாம்பாங் நகருக்கு வெளியே இந்த வளைவில்தான் ஐந்து நாளுக்கு முன் அவளுடைய ஸ்கூட்டரை லாரி அடித்தது. உடல் வீட்டுக்குப் போய்விட்டது. உயிர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. முந்தாநாளும் நேற்றும் வீட்டார் இங்கே வந்து கூப்பிட்டார்கள். கோயில் பெரியவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்; தலை விழுந்தால் உயிர் கூட வரச் சம்மதம் என்று அர்த்தம். இரண்டு நாளும் பூதான் விழுந்தது. அந்த இரண்டு நாளும் நிரன் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. இன்று வந்து கூப்பிட்டான். சுண்டியதும் தலை விழுந்தது.

நாளைக்குத் தகனம். அதற்குள் வீடு சேராவிட்டால் அவள் இந்த வளைவிலேயே நின்றுகொண்டிருப்பாள். வெயிலில், மழையில், தனியாக.

“திருப்பம், பாலம், எதையும் சொல்லாம விடாதீங்க. சொல்லலேன்னா அங்கேயே நின்னுடுவா. அவளுக்குப் பிடிச்ச இடமாப் பாத்துப் போங்க” என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“பிடிச்ச இடம்னா எங்க போறது?” என்றார் தாவோன்.

நிரன் தயங்கினான். “முதல்ல பெரிய கோயில், அண்ணே.”

“கோயிலா? சாமி கும்பிடக் கூப்பிட்டா தலைவலின்னு படுத்துக்குவாளே.”

“சாமிக்கு இல்ல. அந்த இருட்டறைக்கு.”

அந்த அறையில் கதவிடுக்கு வழியாக வரும் வெளிச்சத்தில் கோபுரத்தின் பிம்பம் துணிமேல் தலைகீழாக விழும். பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒவ்வொரு தடவையும் வாருணி படியில் உட்கார்ந்துகொண்டு, “போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, புளுகாம சொல்லு” என்று அவனை அனுப்புவாள்.

நிரன் சட்டையை மார்போடு அணைத்து உள்ளே போனான்.

“பாத்தியா? நான் புளுகல” என்றான்.

வெளியே வந்தபோது தாவோன் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இடது பக்கம் திரும்புறோம், வாருணி. ரயில் கேட் வருது. தாண்டிட்டோம்.”

அடுத்தது மணிக்கூண்டு பக்கம், தக்காளியும் வேகவைத்த பன்றி ரத்தக்கட்டியும் போட்ட குழம்பு ஊற்றித் தரும் நூடுல்ஸ் கடை. நிரன் இரண்டு கிண்ணம் சொன்னான். தாவோன் தனக்கு வேண்டாம் என்றார்.

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். “எங்கப்பா உன் வீட்டம்மா? வியாழக்கிழமை தவறாம ஜோடியா வருவீங்களே.”

தாவோன் மேசைமேல் இருந்த மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்தார், மூடினார்.

“வண்டியில இருக்கா” என்றான் நிரன் கடைசியில்.

“ஓ, சண்டையா? ரத்தக்கட்டி ரெண்டு கூடப் போட்டிருக்கேன். கொண்டுபோய்க் குடு. கோவமெல்லாம் பறந்துடும்.”

கிண்ணத்தை வண்டியில் சட்டைக்கு எதிரே வைத்தார்கள். ஆவி அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

“வீட்டுல அவ ரத்தம் தொடவே மாட்டா” என்றார் தாவோன்.

“இங்க ரெண்டாவது கிண்ணம் கேப்பா, அண்ணே.”

குதிரை வண்டிகள் நிற்கும் இடத்தில் தாவோன் தானாகவே வண்டியை நிறுத்தி இறங்கினார். வெல்லப்பாகு ஊற்றிய பொரித்த அரிசி வட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்து சட்டைமேல் வைத்தார்.

“இது அவளுக்குப் பிடிக்கும். இது எனக்கு நல்லாத் தெரியும். வெளியூர் போய்ட்டு வரும்போதெல்லாம் வாங்கிட்டு வருவேன். ஒரு நாளும் வேணாம்னதில்ல.”

அந்தப் பொட்டலங்களை அவள் இங்கே கொண்டுவந்து குதிரைகளுக்குப் போடுவாள். நிரன் அதைச் சொல்லவில்லை.

“வாருணி, வெள்ளைப் பாலம். கீழ ஆறு. பயப்படாத, என் கூடவே வா.”

பாலத்தின் நடுவில் தாவோன் வேகத்தைக் குறைத்தார். “அவ நிறையப் பேசுவாளோ?”

“வாயே ஓயாது.”

அவர் மறுபடி வேகத்தைக் கூட்டினார்.

நிரன் வலது என்றான், இடது என்றான், அரசமரம் என்றான். இந்தச் சுற்று முடியக் கூடாது என்றிருந்தது அவனுக்கு. நாளை முதல் சொல்வதற்கு ஒரு திருப்பமும் இருக்காது. கேட்பதற்கு ஆளும் இருக்காது.

தெருமுனையில் பந்தல் தெரிந்தது. பிக்குகள் ஓதுவது கேட்டது. வண்டி நின்றதும் நிரன் இறங்கினான்.

“வீடு வந்துடுச்சு, வாருணி. உள்ள போ.”

சட்டையைத் தாவோனிடம் நீட்டினான். “நான் இப்படியே நடந்து போயிடறேன், அண்ணே.”

தாவோன் வாங்கிக்கொள்ளவில்லை. பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“ரெண்டு நாளு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எனக்கு வரல. நீ தெருவுல நின்னா அவளும் தெருவுலயே நின்னுடுவா. உள்ள வா தம்பி” என்றார் தாவோன், வாருணியின் கணவர்.