மூடுவிழா

ஒரு மாநிலத்தின் தொழில்வளம் உயிர்விடும்போது வரலாறே ஒரு நிமிடம் நின்று தலைகுனியும். அன்று காலை பம்ப் மோட்டார் தொழிற்சாலையின் பூட்டிய கேட்டைப் பிடித்து உலுக்கியபடி, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவுப் பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" கைதட்டினார் விளம்பரக்காரர். "பின்வரிசையில ரெண்டு பேர் சிரிக்கிறீங்க. கம்பெனி போயிடுச்சும்மா! சோறு போயிடுச்சு! அதுக்கு மூஞ்சி இப்படியா இருக்கும்?"

"எங்க சார் போச்சு? நாளைக்கு எனக்கு முதல் ஷிஃப்ட் இருக்கே" என்றாள் ஒருத்தி. மறுபடியும் சிரிப்பு.

"அது உனக்குத் தெரியும். அமைச்சருக்குத் தெரியுமா? திரும்ப அழுங்க."

தொழிற்சாலையின் முதலாளிதான் தொழிலதிபர்கள் சங்கத்துக்கும் தலைவர். இங்கே வரி அதிகம், பக்கத்து மாநிலம் நம்மை முந்திக்கொண்டு ஓடுகிறது, இப்படியே போனால் ஒரு தொழிலும் மிஞ்சாது என்று வருடா வருடம் மாநாடு போட்டுப் பார்த்தார். அமைச்சர் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, கைகழுவியதும் கிளம்பிவிடுவார்.

புள்ளிவிவரத்துக்கு இளகாத மனம் பூட்டிய கேட்டுக்கு இளகும் என்று சொன்னவர் விளம்பரக்காரர். ஒரே ஒரு நாள் நாடகம். வரி தாங்காமல் கம்பெனி மூடுகிறது, இயந்திரங்கள் லாரியேறிப் பக்கத்து மாநிலம் போகின்றன. லாரி ஊரைச் சுற்றிவிட்டு ராத்திரியே திரும்பிவிடும்.

"எல்லாம் உங்களுக்காகத்தாம்மா" என்றார் தலைவர், நெஞ்சில் கைவைத்து. "வரி குறைஞ்சாத்தான் கம்பெனி நிக்கும். கம்பெனி நின்னாத்தான் நாம நிப்போம்."

ஒத்திகையே தேவைப்படாதவர் பெரியக்கா. இருபது வருடமாகக் காயில் சுற்றுகிறவர். அவர் அழுத அழுகையில் கேமராக்காரர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்து வாய் திறந்து நின்றார்.

"எப்படிம்மா இது?" என்றார் விளம்பரக்காரர் மரியாதையாக.

"நிஜமாவே மூடிட்டா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன் சார். தானா வந்துடுச்சு." வீட்டில் ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்திருக்கும் கணவருக்கு மருந்தும், தலைக்கு மேல் கூரையும் பெரியக்காவின் சம்பளம்தான்.

இயந்திரங்களைப் பெண்களே தள்ளிக்கொண்டுபோய் லாரியில் ஏற்றினார்கள். வாசலில் இருந்த பெயர்ப்பலகையும் இறங்கியது.

"கடைசியா ஒண்ணு" என்றார் தலைவர். "ஒவ்வொருத்தரா அமைச்சர் முன்னாடி வந்து, 'எங்களுக்கு இனிமே இது எதுக்கு'ன்னு அடையாள அட்டையைக் கழட்டி இந்தத் தட்டுல போடுங்க."

விளம்பரக்காரருக்கே தோன்றாத யோசனை. "சார், நீங்க எங்க தொழிலுக்கு வந்திருக்கணும்!"

"கார்டு இல்லாம நாளைக்கு எப்படி சார் உள்ள வர்றது?" என்று கேட்டார் பெரியக்கா.

"நாளைக்குக் காலையில கேட்ல குடுப்பாங்கம்மா."

அமைச்சர் வந்தார். லாரி உறுமிக்கொண்டு கிளம்ப, பெண்கள் அதன் பின்னால் ஓடினார்கள். பெரியக்கா அட்டையைத் தட்டில் போட்டுவிட்டு, விட மனமில்லாமல் அதன் கயிற்றையே பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர்தான் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டார்.

அமைச்சர் கைக்குட்டைக்குக் கை நீட்டினார். உதவியாளர் இரண்டு கொடுத்தார்.

"இனி ஒரு தாய்கூட இந்த மண்ணில் வேலைக்காக அழக்கூடாது!" என்று கேமராவைப் பார்த்து முழங்கினார். "புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு வரியே கிடையாது!"

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் தலைவர்.

"புதுசுக்குத்தானேக்கா சொன்னாரு? நம்மது பழசாச்சே" என்று முணுமுணுத்தாள் முதல் ஷிஃப்ட்காரி.

"பெரிய மனுஷங்க பேச்சுல ஒரு வார்த்தை கூடக்குறைய வரும்டி. பிடிச்சுத் தொங்காதே."

அன்று மாலை எல்லாச் சேனல்களிலும் பெரியக்காதான். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கோணிய வாயால் சிரித்தார். "நடிகையம்மா வந்துட்டாங்க. இனிமே நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமோ?"

"சும்மா இருங்க. கம்பெனி பிழைச்சுது" என்றார் பெரியக்கா. வெகுநாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை எல்லாம் சொன்னபடியே நடந்திருந்தது. லாரி திரும்பியிருந்தது. உள்ளே காயில் சுற்றும் இயந்திரங்களின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வாசலில் பெயர்ப்பலகைகூட ஏறியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை, பெயர்தான் வேறு.

முன்பின் பார்த்திராத சின்னப் பெண்கள் கழுத்தில் பளபளக்கும் அட்டைகளோடு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எங்க கார்டு எங்கே?" என்றார் பெரியக்கா காவலாளியிடம். "கேட்ல குடுப்பாங்கன்னு சொன்னாங்களே."

"குடுத்தாச்சும்மா." காவலாளி அந்தச் சின்னப் பெண்களைப் பார்த்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? இது நம்ம கம்பெனிதானே? அதோ, அந்த ஓரத்துல ஓடுறது என் மெஷின் சத்தம்!"

காவலாளி புதுச் சீருடையின் பொத்தானைத் திருகினார். கேட்டைப் பாதி சாத்தினார்.

"இது புதுக் கம்பெனிம்மா. பழசு நேத்தே மூடிடுச்சு. டிவியில நீங்கதானே அழுதீங்க."