சேசம்மாளின் முறை

"பாய்க்கு என் மொறை வந்தாத்தான் வயித்தைக் கலக்குமா, நஜ்முன்னிசாக்கா?"

ஆசிட் பாட்டிலும் வாளியுமாகக் கிளம்பிய சேசம்மாள் கேட்டாள்.

"அதை அவியட்டயே கேளேன்" என்றாள் நஜ்முன்னிசா, அரிசியிலிருந்து தலை நிமிராமல்.

மும்பை தாராவியில் 'சால்' எனப்படும் அந்த வரிசைக் குடியிருப்பில் ஐந்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ். ஞாயிறுதோறும் ஒரு வீட்டார் கழுவ வேண்டும். மற்றவர்கள் ஆசிட் மட்டும் ஊற்றுவார்கள். சேசம்மாள் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டுவாள். சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தேய்ப்பாள். பளிங்கு மாதிரி ஆகிவிடும்.

நஜ்முன்னிசாவின் கணவர் கலீலுல்லாவுக்குச் சாயப் பட்டறையில் வேலை. ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டையும் சேக்காத, தங்கச்சி. வெசக் காத்து வரும். நெஞ்சைப் பிடிச்சிரும்."

"போபால் நியூஸ் படிச்சதுல இருந்து பாய்க்கு எல்லாமே வெசம்தான்" என்றாள். சேசம்மாள் இருமிக்கொண்டேதான் சொன்னாள்.

 அப்புறம் அவள் முறை வந்தால் போதும், தண்ணீர் டப்பாவோடு வந்து கதவைத் தட்டுவார்.

இன்றும் தட்டினார்.

சேசம்மாள் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"போங்க உள்ளே."

"இப்ப அடங்கிட்டு. நீ கழுவு."

சேசம்மாள் பிடிபிடியென்று பிடித்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நிமிஷம். மறுபடி டொக், டொக்.

"பாய், ஓம வாட்டர் வேணுமா?" என்றார் எதிர்வீட்டு ஜோசப்ராஜ். சால் முழுக்கச் சிரித்தது. கலீலுல்லாவும் சிரித்தார்.

மூன்றாம் தடவை தட்டியபோது சேசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. டப்பாவைப் பிடுங்கி அவர் காலடியிலேயே கவிழ்த்தாள்.

ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் தூசி படிந்திருந்தது.

"தண்ணியே இல்லாம எதுக்கு பாய் வாரீய?"

கலீலுல்லா டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சொன்னா நீ கேக்க மாட்டே. திட்டணும்னா மட்டும் வெளியே வருவே. நல்லாத் திட்டு, தங்கச்சி. திட்டி முடிக்கிற வரைக்கும் நல்ல காத்துலதானே நிப்பே."