வாணலி ஏறிய நாள்

அலமாரியில் கவிழ்ந்து கிடந்த வாணலியைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றினாள் அம்மா.

“அப்பா வர்ற நேரம்மா,” என்று கிசுகிசுத்தாள் மகள்.

“வரட்டும். எனக்கென்ன பயம்?”

விரல் நீளத்துக்கு நறுக்கிய சீஸை முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டி, மறுபடியும் முக்கிப் புரட்டி, ஃப்ரீசரில் இறுக வைத்திருந்தாள். எண்ணெயில் போட்டதும் சடசடவென்று பொரிந்து பொன்னிறமானது.

வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார் அப்பா.

“இந்த வீட்ல எண்ணெய்ச் சட்டியே ஏறக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே! உயிர் மேல ஆசையே இல்லையா?”

“உயிர் இருக்கட்டும். ஆறு வருஷமா வேகவச்ச காயையே தின்னு நாக்கு செத்துப் போச்சு.”

அவர் கண்ணெதிரிலேயே சூடாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். மொறுக்கென்றது.

“சொல்லச் சொல்லத் திங்கிறியே, உனக்குக் கொழுப்பு ஏறிப் போச்சுடி!”

“ஏறினது எனக்கில்லைங்க, உங்களுக்கு. டாக்டர் உங்க ரத்தத்தைப் பார்த்துத்தானே சொன்னாரு? என் ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. இனிமே பத்தியம் நீங்க மட்டும் இருங்க.”

தட்டை மகளிடம் நீட்டினாள்.